ஊசுட்டேரியில் படகும் தூண்டிலும்

புதுச்சேரி நகரிலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தூரத்தில், வில்லியனூர் கொம்யூன் பஞ்சாயத்துக்கும் தமிழ்நாட்டின் வானூர் வட்டத்துக்கும் பொதுவாகப் பரந்து கிடக்கும் ஊசுட்டேரிக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறவர்களிற் பெரும்பாலோர், படகில் உலவவும் தூண்டில் போடவும் குழந்தைகளோடு மாலைப்பொழுதைக் கழிக்கவும் வாய்த்ததோர் உல்லாச ஸ்தலமாகவே அதைக் கருதுகிறார்கள். அப்படிக் கருதுவதற்காக அவர்களைக் குறை சொல்வதற்கில்லை. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள ஒரு நீர்நிலை, சுமார் 7 கிலோமீட்டர் நீளக் கரையின்மேல் நின்று பார்ப்பவனுக்கு எதிர்க்கரை புலப்படாத வண்ணம் ததும்பி நிற்கும்போது, அதன்மேல் மிதந்து செல்ல வேண்டும் என்ற ஆசை எவருக்கும் எழுவது இயல்பே. ஆனால் அவர்கள் காலையில் புறப்படுவதற்கு முன் வீட்டில் பருகிய தண்ணீருக்கும் அந்த ஏரிக்கும் உள்ள சம்பந்தத்தை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்றே நினைக்கிறேன்.

சென்னைக்குப் புழலும் செம்பரம்பாக்கமும் எப்படியோ, அப்படிக் குழாய் வைத்து நேரே தண்ணீர் எடுக்கும் நீர்த்தேக்கம் என்று ஊசுட்டேரியைச் சொல்ல முடியாது. புதுச்சேரி ஜனங்கள் குடிப்பது பூமிக்கடியிலிருந்து ஆழ்குழாய்க் கிணறுகள் இறைத்துக் கொடுக்கும் ஜலத்தை. வண்டல் மண்ணுக்குக் கீழே கடலூர் மணற்கல் என்று புவியியலார் பெயரிட்டிருக்கும் பாறையடுக்கும், அதற்கும் கீழே அதனினும் தொன்மையான வேறு படிவங்களும் இருக்கின்றன; அவற்றின் இடுக்குகளில் தங்கியிருக்கும் நீரே நகரத்துக்கும் கிராமங்களுக்கும் ஜீவாதாரம். அந்த நீர் ஆண்டுதோறும் குறையாமலிருக்க வேண்டுமானால், மேலிருந்து ஆண்டுதோறும் இறங்க வேண்டும். கடற்கரையை அடுத்த பூமியாதலால், இறங்குவது குறைந்து இறைப்பது மிகுந்தால் அந்த வெற்றிடத்தை நிரப்பக் கடலின் உப்புநீர் காத்திருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் சங்கராபரணி ஆற்றிலிருந்து சுத்துக்கேணி வாய்க்கால் வழியாக வந்து நிறையும் சுமார் 540 மில்லியன் கன அடி கொள்ளளவுள்ள ஊசுட்டேரியும், தென்பெண்ணையாற்றுச் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் கொண்டுவரும் வெள்ளத்தை ஏந்திக்கொள்ளும் பாகூர் ஏரியும், வயலுக்குப் பாய்வது போக, மாதக்கணக்கில் சத்தமின்றிக் கசிந்து அந்த நிலத்தடி நீரை வளர்க்கின்றன. குடிநீர்த் தேக்கம் உண்மையில் பூமிக்குள் இருக்கிறது. ஏரி அதன் வாயில்.

இந்தச் சம்பந்தத்தை முன்னோர் உணர்ந்திருந்தார்கள் என்பதற்கு நகரத்தின் நடுவிலேயே சாட்சியம் உண்டு. 1863ஆம் ஆண்டில் லாமெரேஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர், மேற்கேயுள்ள முத்தரையர்பாளையத்து ஊற்றுநீரைக் கால்வாய் வழியே நகரத்துக்குக் கொண்டுவந்தார். அந்த ஊரில் முற்காலத்தில் தன் மாளிகையை இடித்துக் குளம் வெட்டினாள் என்று சொல்லப்படும் ஆயி என்னும் தாசியின் பெயரால், மூன்றாம் நெப்போலியன் காலத்தில் எழுந்த வெள்ளை மண்டபம் இன்றைக்கும் பாரதி பூங்காவில் நிற்கிறது. பாகூர்ப் பக்கத்திலும் பங்காரி, சிங்காரி என்ற இரு சகோதரிகள் வாய்க்கால்கள் வெட்டுவித்தார்கள் என்று கர்ணபரம்பரையாக வழங்கிவருகிறது. இக்கதைகளின் சரித்திர உண்மை எவ்வளவாயினும் ஆகுக. தண்ணீருக்காகத் தம் உடைமையைத் துறந்தவர்களையே இவ்வூர் ஜனங்கள் நினைவில் வைத்துப் போற்றியிருக்கிறார்கள் என்பது கவனிக்கத்தக்கது.

படகு விடுவதால் ஏரிக்கு என்ன கேடு வந்துவிடும் என்று கேட்பவர்கள் உண்டு. துடுப்புப் படகாயின் பெரும் கேடு ஒன்றுமில்லை என்று ஒப்புக்கொள்வதே நேர்மை. இயந்திரப் படகின் விஷயம் வேறு. பழைய மாதிரியான இரண்டு வீச்சு இயந்திரங்கள் தமக்கு ஊற்றப்படும் எரிபொருளில் கால் பங்கு வரை எரிக்காமலே தண்ணீரில் கழித்துவிடக் கூடியவை. அந்த எண்ணெயும் பெட்ரோலும் ஆற்றில் விழுந்தால் ஓடிப்போகும், ஏரியில் விழுந்தால் போக்கிடம் இல்லை. மேலும் நம் ஏரிகள் மலைப் பிரதேசத்து அணைகளைப்போல் ஆழமானவை அல்ல. ஆழமற்ற நீரில் சுழலும் விசிறி அடியில் படிந்த சேற்றைக் கிளப்புகிறது. கிளம்பிய சேற்றோடு, வயல்களிலிருந்து ஆண்டாண்டாக வந்து தங்கிய உரச்சத்தும் மேலே வருகிறது. அந்தச் சத்தை உண்டு பாசி கொழிக்கிறது. பாசி அழுகும்போது நீரிலுள்ள பிராணவாயு குறைந்து மீன் செத்து மிதக்கிறது. இவை போதாதென்று, விரைந்து செல்லும் படகு எழுப்பும் அலை, மண்ணால் ஆன நெடுங்கரையின் அடியை ஓயாமல் அரித்துக்கொண்டிருக்கும். கரை உடைந்தால் என்ன நேரும் என்பதை ஏரிக்கரை ஊர்களில் பிறந்தவர்களுக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை.

பறவைகளின் கதையோ இன்னும் நுட்பமானது. ஏரி நிறைந்திருக்கும் மாதங்களும், வடதேசங்களிலிருந்து வலசை வரும் பட்சிகள் இங்கே தங்கும் மாதங்களும், மக்கள் விடுமுறைக்காக வெளியே கிளம்பும் மாதங்களும் ஏறத்தாழ ஒன்றே. ஐப்பசியில் தொடங்கி மாசி வரையில் இம்மூன்றும் ஒரே நீர்ப்பரப்பில் சந்திக்கின்றன. ஊசிவால் வாத்துகளிற் பல இரவில் இரை தேடிப் பகலில் நீரின்மேல் ஓய்வெடுப்பவை. நாமக்கோழிகள் கூட்டங் கூட்டமாக ஒரே இடத்தில் மேய்பவை. பார்வையாளரை அருகில் கொண்டுபோய்க் காட்ட வேண்டும் என்ற ஆர்வத்தால் படகோட்டி அக்கூட்டத்தை நெருங்க, அவை எழுந்து ஒரு சுற்றுச் சுற்றி வேறோரிடத்தில் இறங்க, அங்கும் இன்னொரு படகு வர, இப்படி நாளெல்லாம் பறக்கும் பறவை, ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் திரும்பிச் செல்வதற்குச் சேமிக்க வேண்டிய கொழுப்பை இங்கேயே செலவழித்துவிடுகிறது. படகிலிருந்தவர்களுக்கு அது கண்கொள்ளாக் காட்சி. அந்தப் பறவைக்கு அது பட்டினி.

தூண்டிற்காரர்களும் தாம் யாருக்கும் தீங்கு செய்வதில்லை என்றே நம்புகிறார்கள். ஆனால் அறுந்துபோன நைலான் நரம்பு மக்குவதில்லை. நீர்க்காகத்தின் காலிலும் பாம்புத்தாராவின் கழுத்திலும் சுற்றிக்கொண்டு அவற்றை மெல்லக் கொல்கிறது. தூண்டிலில் கட்டும் ஈயக்குண்டைக் கூழாங்கல் என்று எண்ணி விழுங்கும் நீர்ப்பறவை நஞ்சேறி மடிகிறது. இங்கிலாந்தில் அன்னங்கள் இவ்விதம் இறந்துவந்ததைக் கண்டு 1987இல் ஈயக்குண்டு விற்பனையையே தடை செய்தார்கள். நம் கடைகளில் அது இன்னமும் தாராளமாகக் கிடைக்கிறது.

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். ஒரே தண்ணீருக்குள் எத்தனை விதிகள் நுழைகின்றன என்பது சாமானியருக்குத் திகைப்பை உண்டாக்கும். புதுச்சேரி அரசு 2008ஆம் ஆண்டில் ஊசுட்டேரியில் தன் எல்லைக்குட்பட்ட சுமார் 390 ஹெக்டேரைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. தன் பக்கத்தைத் தமிழ்நாடும் பின்னர் அவ்வாறே அறிவித்தது. அன்று முதல் ஏரியின் முதன்மையான சட்டம், 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் ஆகிவிட்டது. சரணாலயத்துக்குள் வெளியார் நுழைவதற்கே அனுமதி வேண்டும் என்பது அதன் 27ஆம் பிரிவு. ஆராய்ச்சி, புகைப்படம், சுற்றுலா ஆகிய காரணங்களுக்கு அந்த அனுமதியை வழங்கலாம் என்பது 28ஆம் பிரிவு. ஆகவே படகுச் சவாரி தானாகவே குற்றம் ஆகிவிடாது. தலைமை வனவுயிர்க் காப்பாளரின் கட்டுப்பாட்டுக்குள், அவர் விதிக்கும் நிபந்தனைப்படி நடக்க வேண்டியது. மீன்பிடிப்பு அவ்வளவு எளிதன்று. சரணாலயத்திலிருந்து எந்த வனவுயிரையும் அழிப்பதையோ அகற்றுவதையோ 29ஆம் பிரிவு தடுக்கிறது. அச்சட்டத்தின் கண்ணில், ஏரியில் இயற்கையாக வாழும் மீனும் நீர்த்தாவரமும் அந்த வனவுயிரில் சேர்ந்தவையே. பரம்பரையாக அனுபவித்துவந்த பாத்தியதை ஒருவருக்கு இருக்குமானால், அதை விசாரித்து, வனவுயிர்க் காப்பாளரோடு கலந்து, தொடர அனுமதிக்கும் அதிகாரத்தை 24ஆம் பிரிவு ஆட்சியருக்குக் கொடுத்திருக்கிறது. அத்தகைய அனுமதி பெறாதவன் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுவது சட்டத்துக்கு மாறானது. ‘ஒரு தூண்டில்தானே’ என்ற சமாதானம் செல்லாது.

பாகூர் ஏரியின் நிலைமை இதற்கு நேர்மாறானது. அது சரணாலயம் அன்று, பாசன ஏரி. புதுச்சேரியின் நெற்களஞ்சியம் என்று பெயர் பெற்ற வட்டாரம் அதன் மதகுகளை நம்பியிருக்கிறது. அங்கே தண்ணீரும் கரையும் அரசின் நீர்ப்பாசன நிர்வாகத்தைச் சேர்ந்த விஷயம். 2017ஆம் ஆண்டின் ஈரநில விதிகள் இதற்குத் துணை வருமா என்று பார்த்தால், குடிநீருக்காகவும் பாசனத்துக்காகவும் மனிதர் கட்டிய நீர்நிலைகளை அவ்விதிகள் ஈரநிலம் என்ற வரையறையிலிருந்தே விலக்கிவிட்டன. இது எனக்குப் பெருங்குறையாகப் படுகிறது. தமிழகத்தின் ஏரிகளில் மனிதர் கட்டாத ஏரி எது? ஆயிரம் ஆண்டுகளாகப் பறவையும் மீனும் தாமரையும் குடியேறிய நீர்நிலையை, ஒருகாலத்தில் யாரோ கரை போட்டார்கள் என்ற காரணத்தால் ஈரநிலம் அன்று என்று சொல்வது நியாயமாகுமா? அந்த விதிகளில் இன்னொரு வாசகமும் சிந்திக்கத்தக்கது: கடந்த 10 ஆண்டுகளின் சராசரி உயர்வெள்ள மட்டத்திலிருந்து 50 மீட்டருக்குள் நிரந்தரக் கட்டடம் எதுவும் கூடாது என்று தடுத்த கையோடு, படகுத் துறைக்கு மட்டும் விலக்கு அளித்திருக்கிறது. ஓட்டல் கூடாது, விடுதி கூடாது, படகுத்துறை இருக்கலாம். உல்லாசத்துக்குச் சட்டம் ஒரு சிறு வாயிலைத் திறந்தே வைத்திருக்கிறது. அந்த வாயிலை எவ்வளவு அகலமாக்குவது என்பது நம் விவேகத்தைப் பொறுத்தது.

வெடி வைத்தும் விஷம் கலந்தும் மீன் பிடிப்பதை 1897ஆம் ஆண்டின் இந்திய மீன்வளச் சட்டமே குற்றமாக்கிவிட்டது. நூற்றிருபது ஆண்டுகள் கடந்த பின்னும், நீர் வற்றும் கோடையில் பூச்சிமருந்தைக் கரைத்து மீனை மிதக்கவைக்கும் கொடுமை நம் நாட்டு ஏரிகுளங்களில் அடியோடு ஒழியவில்லை. நிலத்தடிக்கு இறங்கும் தண்ணீரில் விஷம் கலப்பவன் தன் வீட்டுக் குடத்திலேயே கலக்கிறான்.

நம் முன்னோர் ஏரியில் படகே விட்டதில்லை, மீனே பிடித்ததில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். இரண்டும் நடந்தன, எதற்காக நடந்தன என்பதில்தான் அவர்களுடைய மதிநுட்பம் விளங்குகிறது. சோழர் காலத்துச் சாசனங்களில் ஏரிக்கு ஓடங்கள் வைத்திருந்த செய்தி வருகிறது. அந்த ஓடங்கள் நீரின் அடியிலிருந்து தூர் எடுத்துக் கரையில் கொண்டுபோய்க் கொட்டுவதற்கானவை; அவற்றைச் செலுத்தும் ஆட்களின் கூலிக்காகவும் ஓடத்தைச் செப்பனிடும் தச்சனுக்காகவும் கொடையாளிகள் நெல்லும் நிலமும் பொன்னும் எழுதிவைத்தார்கள். உத்தரமேரூரில் ஏரியை மேற்பார்க்கவென்றே ஏரி வாரியம் என்ற குழு பராந்தக சோழன் காலத்தில் ஆண்டுதோறும் குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டது. ஏரி மீனைப் பிடிக்கும் உரிமையைக் குத்தகைக்கு விட்டு வந்த பாசிப்பாட்டம் முதலிய வருமானங்களை, அதே ஏரியின் தூர்வாரலுக்கும் கரைச் செப்பனுக்கும் ஒதுக்கிய கல்வெட்டுகள் பல. ஏரியிலிருந்து ஒன்றை எடுப்பவன் ஏரிக்கு ஒன்றைக் கொடுத்தே தீர வேண்டும் என்ற ஒரே பிரமாணம் இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுகிறது.

இக்காலத்திலும் அந்தப் பிரமாணம் முற்றிலும் மறந்துபோய்விடவில்லை. ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியோடு 1999இல் தொடங்கிய புதுச்சேரி ஏரிகள் புனரமைப்புத் திட்டத்தில் 84 ஏரிகள் எடுத்துக்கொள்ளப்பட்டு, அவற்றைப் பயன்படுத்தும் ஊர்மக்களின் சங்கங்கள் அமைக்கப்பட்டன. மரம், மீன் ஆகியவற்றின் வருமானம் பொதுநிதிக்குள் கரைந்துவிடாமல் ஏரிப் பராமரிப்புக்கே திரும்ப வேண்டும் என்ற எண்ணம் அம்முயற்சியில் இருந்தது. அது நல்ல எண்ணம். குத்தகைதாரன் கையில் ஏரி சிக்கினால் வேறு தொல்லைகள் உண்டு என்பதையும் மறைப்பதற்கில்லை: மீன் கொழுக்க வேண்டும் என்று கோழிக்கழிவைக் கொண்டுவந்து கொட்டுபவர்கள் உண்டு, மீனைச் சீக்கிரம் வாரிவிட மதகைத் திறந்து நீரை வடிப்பவர்களும், மீன் வளரட்டும் என்று பயிருக்கு விட வேண்டிய நீரை மறிப்பவர்களும் உண்டு. வேகமாக வளர்கிறதென்று சிலர் கள்ளத்தனமாக விடும் ஆப்பிரிக்கக் கெளுத்தி, அரசு தடை செய்த மீன்; ஒருமுறை ஏரிக்குள் புகுந்துவிட்டால், விராலையும் கெண்டையையும் தின்று பெருகும் அதனை வெளியேற்ற வழியே இல்லை. ஏல ஒப்பந்தத்தில் தொகையை மட்டும் எழுதி நிபந்தனையை எழுதாமல் விடும் நிர்வாகம், ஏரியையே விற்றுவிடுகிறது என்பது என் அபிப்பிராயம்.

பிற இடங்களில் என்ன செய்கிறார்கள்? கொடைக்கானல் மலையில் நகரின் நடுவேயுள்ள ஏரியில் படகுகள் ஓயாமல் செல்கின்றன; ஆனால் பெரியகுளத்துக்குக் குடிநீர் தரும் பேரிஜம் ஏரிக்கு வனத்துறையின் அனுமதி பெற்றே போகலாம், அங்கே படகுச் சவாரியும் இல்லை. ஒரே மலையில் விளையாட ஓர் ஏரி, குடிக்க ஓர் ஏரி என்று பிரித்து வைத்திருப்பது எத்தனை தெளிவான ஏற்பாடு! நம்மவர் பலர் வாழும் சிங்கப்பூரில் அப்படிப் பிரிக்க இடமில்லை. ஆகவே குடிநீர்த் தேக்கங்களிலேயே துடுப்புப் படகை அனுமதித்து, நீந்துவதைத் தடுத்து, மீன்பிடிக்கக் குறிப்பிட்ட இடங்களை மட்டும் ஒதுக்கி, அங்கும் உயிருள்ள இரையைத் தூண்டிலில் கோக்கக் கூடாது, செயற்கை இரையே போட வேண்டும் என்று விதித்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக்குத் தண்ணீர் தரும் குவாபின் நீர்த்தேக்கத்தில் மீன்பிடிக்கப் படகு கொண்டுவருபவன், வேற்றுநீரின் சிப்பியோ களையோ அதில் ஒட்டி வரவில்லை என்பதைப் பரிசோதனைக்கு உட்பட்டு நிரூபிக்க வேண்டும். ஆகாயத்தாமரையால் அவதிப்படும் நமக்கு அந்த ஜாக்கிரதை அந்நியமாகத் தோன்ற வேண்டியதில்லை.

உயிர்ப் பாதுகாப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லாமல் இருக்கலாகாது. 2009 செப்டம்பர் 30ஆம் தேதி தேக்கடியில் பெரியாறு நீர்த்தேக்கத்தில் சுற்றுலாப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டனர். 2023 மே 7ஆம் தேதி கேரளத்துத் தானூரில் அளவுக்கு மீறி ஆட்களை ஏற்றிய படகு கவிழ்ந்து 22 பேர், அவர்களில் பலர் குழந்தைகள், மாண்டனர். 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் இயந்திரப் படகுகளுக்குப் பதிவும் ஆய்வுச் சான்றும் கட்டாயம் என்கிறது. இயந்திரமில்லாத படகுகளையும் உள்ளூர் அதிகாரத்திடம் பதிந்துவைக்க வழி செய்திருக்கிறது. காகிதத்தில் இருக்கும் இந்தச் சட்டம், துறையில் நிற்கும் ஒருவன் ‘இன்னும் ஒருவர் ஏறலாம்’ என்று சொல்லும் கணத்தில் செயற்பட்டால் ஒழியப் பயனில்லை.

ஆகவே ஊசுட்டேரிக்கு எது தகும் என்று கேட்டால், என் கருத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்ணீரின் உரிமை முதலாவது. அதில் தங்கி வாழும் பறவையினுடையது இரண்டாவது. அதையே நம்பிப் பரம்பரையாக வலை வீசிப் பிழைக்கும் ஏழைக் குடும்பங்களினுடையது மூன்றாவது. இம்மூன்றும் நிறைந்தபின் மிச்சமிருக்குமானால் உல்லாசம் வரட்டும். பெட்ரோலிலும் டீசலிலும் ஓடும் படகு ஏரியில் எந்த நாளிலும் கூடாது. துடுப்புப் படகு, பறவைகள் அடைகின்ற பகுதிக்கு எட்டாத ஓர் எல்லைக்குள் இருக்கலாம்; வலசைக் காலத்தில் அதுவும் கூடாது. வசூலாகும் கட்டணத்தில் ஒரு பங்கு சுத்துக்கேணி வாய்க்காலைத் தூர்வாருவதற்கென்று தனிக்கணக்கில் சேர வேண்டும். வலைக்காரரின் பாத்தியதையை ஊர் ஊராக விசாரித்து எழுத்தில் நிர்ணயம் செய்ய வேண்டும். எழுதாத உரிமையை அதிகாரி நினைத்தால் பறிக்கலாம், இடைத்தரகன் நினைத்தால் விலைக்கு வாங்கலாம். இவை அனைத்தும் இரு அரசுகளுக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும், ஏனெனில் வாத்துக்கு எல்லைக்கல் தெரியாது. புதுச்சேரிப் பக்கம் துரத்தப்பட்டவன் தமிழ்நாட்டுப் பக்கம் போய்த் தூண்டில் போட்டால், அறுந்த நரம்பு மிதந்து வருவது அதே ஏரியில்தான்.

படகில் போயே தீர வேண்டும் என்பவர்களுக்குப் புதுச்சேரியில் இடமில்லாமல் போகவில்லை. நோணாங்குப்பத்தில் சுண்ணாம்பாற்றின் கழிமுகத்தில் படகுக் குழாம் இருக்கிறது. அங்கே நீர் கடலோடு கலந்தது. அதைக் குடிப்பவர் யாரும் இல்லை. மணல் திட்டுவரை சென்று திரும்பும் உல்லாச யாத்திரைக்கு அதைவிடத் தகுந்த இடம் வேண்டுவதுமில்லை. ஊசுட்டேரிக்கு வருகிறவர்கள் ஒரு தொலைநோக்கியோடு மார்கழிக் காலையில் கரைமேல் நடந்து வாருங்கள். கரையில் அறுந்து கிடக்கும் நைலான் நரம்பைக் கண்டால் எடுத்துச் சென்று குப்பையில் போடுங்கள். உங்கள் வீட்டுத் தொட்டியில் வளர்க்க இயலாத மீனை ஏரியில் விட வேண்டாம். உங்கள் கொம்யூனில் மீன்குத்தகை ஏலம் நடக்கும்போது, எவ்வளவுக்குப் போயிற்று என்று கேட்பதோடு நில்லாமல், அந்தத் தொகையில் ஏரிக்கு எவ்வளவு திரும்பிற்று என்றும் கேளுங்கள்.